சக்கரம் சொல்லும் நேரம்

வளர்ப்பு ஹாம்ஸ்டர் பகலெல்லாம் மரத்தூளுக்குள் சுருண்டு கிடக்கும். வெளிச்சம் போனதும் சக்கரத்தில் ஏறிவிடும். சில ஹாம்ஸ்டர்கள் ஓரிரவில் பல கிலோமீட்டர் ஓடுகின்றன.

அந்த ஓட்டத்தின் வேகத்தை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. டயகமப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் ரோலர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று போகிறது என்று பார்ப்பதுபோல், இதிலும் சுற்றுகளை எண்ணினால் போதும். சக்கரத்தின் உள்விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று போனால் 50 மீட்டர். அதாவது மணிக்கு 3 கிலோமீட்டர். விளிம்பில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அது கடந்துபோகும்போதெல்லாம் இயங்கும் சுவிட்சைக் கூட்டில் பொருத்தினால் எண்ணும் வேலையும் மிச்சம். சைக்கிள் மீட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த மீட்டரையே இங்கே பொருத்தி, சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவை அதில் மாற்றாமல் விட்டுவைத்தால், மீட்டர் மூன்று மடங்குக்கும் மேல் கூட்டிக் காட்டும். இன்னொன்று, ஹாம்ஸ்டர் நின்ற பிறகும் சக்கரம் சற்று நேரம் தானாகச் சுழலும். அந்தச் சுற்றுகளும் கணக்கில் ஏறிவிடும்.

இதே எண்ணிக்கையை வைத்து மதுரையில் அருமையான ஆய்வு நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் விஜய் குமார் சர்மாவும் 1990களில் வயல் சுண்டெலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். இலங்கையிலும் வாழும் இனம்தான் அது. அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது வேகம் அல்ல, ஓட்டம் தொடங்கும் நேரம். இரவுபகல் தெரியாத முழு இருட்டிலும் சுண்டெலி ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடத் தொடங்குகிறது. நடுவே சற்று நேரம் வெளிச்சம் காட்டினால், அது விழுந்த வேளையைப் பொறுத்து அடுத்தடுத்த நாட்களின் ஓட்டம் முந்தும் அல்லது பிந்தும். உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை எலியின் மேல் கைவைக்காமலே படிக்க முடிந்தது இப்படித்தான். அமெரிக்காவில் ஒரு ஹாம்ஸ்டரின் சக்கரப் பதிவு வழக்கத்துக்கு மாறாக இருந்ததைக் கண்ட ஆய்வாளர்கள் ரால்ஃபும் மெனேக்கரும், உடல் கடிகாரம் ஏறத்தாழ 20 மணி நேரத்திலேயே ஒரு நாளை முடித்துக்கொள்ளச் செய்யும் மரபணு மாற்றத்தை 1988இல் அறிவித்தார்கள்.

கூட்டில் அடைபட்ட சலிப்பால்தான் எலிகள் ஓடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். இதைச் சோதிக்க, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹானா மைஜரும் யூரி ராபர்ஸும் திறந்த வெளியில் சக்கரத்தை வைத்துக் கேமராவையும் பொருத்தினார்கள். காட்டெலிகள் தாமாகவே வந்து ஏறின. தவளைகளும் ஓடில்லா நத்தைகளும்கூட ஏறின. அவற்றை ஈர்க்க அங்கே இரை வைத்துவந்ததை நிறுத்திய பிறகும் எலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முடிவுகள் 2014இல் வெளியாயின.

வீட்டில் அளக்க விரும்புவோர் முதலில் சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். கம்பிச் சட்டங்களுக்கு இடையில் கால் சிக்கும். ஆகவே ஓடும் தளம் இடைவெளியில்லாமல் இருக்கட்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று பொருள். சுற்றுகளோடு அறை விளக்கை அணைத்த நேரத்தையும் தினமும் குறித்துவந்தால், மதுரையில் பார்த்ததில் ஒரு பகுதியை வீட்டிலேயே பார்க்கலாம்.