டெம்பியிலிருந்து நெருள் வரை

'த ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்தை எடுத்துக்கொண்டு யூ2 இசைக்குழு இரண்டு முறை ஊர் ஊராகப் போயிருக்கிறது. முதல் பயணம் 1987 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டெம்பி நகரில் முடிந்தது. இரண்டாவது பயணம் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டை ஒட்டி 2017இல் தொடங்கி, 2019 டிசம்பர் 15 அன்று நவி மும்பையில், நெருளில் உள்ள டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் முடிந்தது. போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி முல்லன் என்று அதே நான்கு பேர். பதினொரு பாட்டுள்ள அதே ஆல்பம். முதல் முடிவின்போது போனோவுக்கு வயது 27, இரண்டாவதில் 59. ராக் குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போகும் ரசிகர்களின் வாழ்க்கை எப்படி மாறிவிட்டது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து கிடையாது.

பயணத்தின் கடைசிக் கட்டத்தைப் பின்தொடர்வதில் ரசிகர்களுக்குத் தனி மோகம் உண்டு. தொடக்க இரவுகளில் குழு இன்னும் ஒத்திகையில் இருப்பதுபோலத்தான் வாசிக்கும். மாதக்கணக்கில் மேடையேறிய பிறகு பாட்டுகள் கைக்குப் பழகி, ஆல்பத்தில் இருந்த வடிவத்தை விட்டு விலகி, வேறு உயிரோடு வரும். கூடவே குரல் தேயும், உடம்பு அடிபடும். 1987 செப்டம்பரில் வாஷிங்டனில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து போனோவின் தோள்மூட்டு விலகியது. அதன்பின் பல இரவுகள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டே பாடினார். அந்தப் பருவத்துக் கச்சேரிகளைக் கேட்டவர்கள் அவற்றில் ஒரு வெறி இருந்ததாகச் சொல்வார்கள். பதிவுகளைக் கேட்டால் அது மிகையில்லை என்று தெரியும்.

1987இல் பின்தொடர்வது என்றால் என்ன? டிக்கெட்டுக்கு முந்தின இரவே கேசட் கடை வாசலிலோ விற்பனைக் கவுண்டரிலோ போய்ப் படுக்க வேண்டும். டென்வரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். யாராவது ஒருவரிடம் கார் இருக்கும், மற்றவர்கள் பெட்ரோலுக்குப் பணம் போடுவார்கள். முந்தின இரவு என்ன பாடினார்கள் என்று தெரிந்துகொள்ள, அங்கே இருந்த ஒருவரை நேரில் சந்திக்க வேண்டும் அல்லது தொலைபேசியில் பிடிக்க வேண்டும். குழுவே நடத்திய 'புரொபகண்டா' என்ற ரசிகர் இதழ் தபாலில் வந்து சேர்வதற்குள் குழு எத்தனையோ ஊர் தாண்டியிருக்கும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் இரண்டு நாள்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். நவம்பர் 8, டென்வர். அன்று காலை வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் நகரில், போரில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருந்தவர்கள் மீது ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்ததில் 11 பேர் இறந்தார்கள். குழுவின் நான்கு பேரும் டப்ளினில் வளர்ந்தவர்கள். அன்று இரவு 'சண்டே பிளடி சண்டே' பாட்டின் நடுவே போனோ நிறுத்தி, அயர்லாந்தின் பெயரால் நடக்கும் கொலைகளைக் கொதித்துப் பேசினார். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தாய்நாட்டுப் புரட்சியைக் கொண்டாடும் அயர்லாந்து வம்சாவளியினரையும் விடவில்லை. அரங்கில் இருந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். மற்ற உலகத்துக்கு அந்தக் காட்சி எப்போது கிடைத்தது தெரியுமா? ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 1988இல், 'ரேட்டில் அண்ட் ஹம்' படம் திரையரங்குகளுக்கு வந்தபோது.

மூன்று நாள் கழித்து, நவம்பர் 11, சான் பிரான்சிஸ்கோ. நகரின் நிதி வட்டாரத்தில், ஹெர்மன் பிளாசாவில், திடீரென்று ஓர் இலவசக் கச்சேரி. பங்குச்சந்தை விழுந்து சில வாரங்களே ஆகியிருந்த சமயம். சேதியைச் சில மணி நேரத்துக்கு முன்னால்தான் வானொலியில் விட்டார்கள். அந்த நேரத்தில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கானோர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். போனோ அங்கிருந்த வைலன்கூர் நீரூற்றின் மேல் ஏறி ஸ்பிரே பெயின்டால் எழுதிவைக்க, மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் கடுங்கோபம் கொண்டார். குழுவின் பின்னாலேயே அலைந்த பலர், அடுத்த ஊருக்குப் போகும் வழியில் இருந்ததால் இதைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அன்றைய ரசிகர்களின் உண்மையான செல்வம் கேசட். சட்டைக்குள்ளோ ஜாக்கெட் உள்பையிலோ சின்ன ரெக்கார்டரை ஒளித்துக் கொண்டுபோய் முழுக் கச்சேரியையும் பதிவு செய்வார்கள். தொண்ணூறு நிமிட நாடாவில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பக்கம் முடிந்ததும் இருட்டில், தடவித் தடவி, காவலர் கண்ணில் படாமல் நாடாவைத் திருப்பிப் போட வேண்டும். அந்தச் சில நொடிகள் போனது போனதுதான். எந்தப் பாட்டின் நடுவில் அது நடந்ததோ அந்தப் பாட்டு ஒவ்வொரு பிரதியிலும் அதே இடத்தில் அறுந்து நிற்கும். உள் அட்டையில் பொடி எழுத்தில் ஊர், தேதி, பாட்டுகளின் வரிசை. காலி கேசட்டும் தபால் தலையும் அனுப்பினால் பிரதி எடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். பணம் வாங்குவது மரியாதைக்குறைவு. பிரதியின் பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்க 'உஷ்' என்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகும், போனோ எங்கோ மழைக்கு அப்பாலிருந்து பாடுவதுபோலக் கேட்கும். அந்த இரைச்சலோடு சேர்த்தே அந்தப் பாட்டுகளை நேசித்த தலைமுறை ஒன்று இருக்கிறது.

டெம்பியின் கடைசி இரண்டு இரவுகள் 'ரேட்டில் அண்ட் ஹம்' படத்துக்காக எடுக்கப்பட்டவை. சன் டெவில் மைதானம் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக டிக்கெட் விலையை 5 டாலராகக் குறைத்தார்கள். பயணத்தின் பெரும்பகுதியில் மேடையில் பெரிய திரையே கிடையாது. கடைசி வரிசைக்குப் பாடகர் கட்டைவிரல் உயரம். 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' தொடங்கும்போது மேடை முழுக்கச் சிவப்பு வெளிச்சம், அதற்கு முன்னால் நான்கு கரிய உருவங்கள். அதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பயணம் போன இடங்கள் வட அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் மட்டும்தான். அன்றைய ராக் உலகத்தில் 'உலகம்' என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் அகலம். இந்தியாவில் இருந்த ரசிகருக்குப் பின்தொடர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1988 செப்டம்பர் 30 அன்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் நடத்திய மனித உரிமைக் கச்சேரிக்காக ஸ்பிரிங்ஸ்டீனும் ஸ்டிங்கும் பீட்டர் கேப்ரியலும் டிரேசி சாப்மனும் டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்கு வந்தார்கள். பல ஆண்டுகளுக்கு அது ஒரு விதிவிலக்காகவே இருந்தது. அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வர 2007 ஆனது, மெட்டாலிகா வர 2011.

இந்த நிலை மாறியதற்குக் காரணம் இசையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 1987இல் பயணம் போனது ஆல்பத்தை விற்க. கேசட்டும் இசைத்தட்டும் தந்த வருமானம்தான் பெரிது. பிறகு பாட்டு இணையத்தில் இலவசமாகவும், அதற்கடுத்து மாதச் சந்தாவுக்கும் கிடைக்கத் தொடங்கியது. குழுவுக்கு மேடைதான் சோறு போடும் இடமாயிற்று. 2017இல் மட்டும் ஜோஷுவா ட்ரீ பயணத்தின் 51 கச்சேரிகளுக்கு 27 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்று, ஏறத்தாழ 31.6 கோடி டாலர் வசூலானது. அந்த அளவுக்கு வசூல் வேண்டுமென்றால் இன்னும் பார்க்காத ரசிகர்கள் இருக்கும் ஊர்களுக்கும் போயே ஆக வேண்டும். பணத்தால் வந்த மாற்றம் என்பதற்காக இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எதனால் வந்தாலும், வந்தது நல்லது.

2019இன் கடைசிக் கட்டத்தில் 15 கச்சேரிகள். நவம்பர் 8 அன்று ஆக்லாந்தில் ஆரம்பித்து பிரிஸ்பேன், மெல்போர்ன், அடிலெய்டு, சிட்னி, பெர்த். பிறகு சிங்கப்பூர், ஜப்பானின் சைத்தாமா, சோல், மணிலா, கடைசியாக மும்பை. இவற்றில் சிங்கப்பூர், சோல், மணிலா, மும்பை ஆகிய நான்கிலும் யூ2 அதற்குமுன் ஒருமுறைகூட வாசித்ததில்லை.

இப்போது பின்தொடர்கிறவருக்கு வேண்டியது கடவுச்சீட்டும் விசாவும் கடன் அட்டையும். மாதங்களுக்கு முன்பே தேதி, இருக்கை, விமானம், விடுதி எல்லாம் கைப்பேசியில் முடிவாகிவிடும். அன்றிரவின் பாட்டு வரிசை, கச்சேரி நடக்கும்போதே ஒவ்வொரு பாட்டாக இணையத்தில் ஏறும். வர முடியாதவர்களுக்காகக் கூட்டத்திலிருந்தே கைப்பேசி வழியாக ஒலியை நேரலையில் அனுப்புகிறவர்கள் உண்டு. டென்வர் காட்சிக்கு ஒரு வருடம் காத்திருந்த இடத்தில், சிட்னியில் பாடுவதைச் சென்னையில் அந்த நொடியிலேயே கேட்கலாம். ஒளித்துவைத்த ரெக்கார்டருக்கு வேலையே இல்லை, மைதானம் முழுக்கக் கையைத் தூக்கிப் பதிவு செய்கிறது.

போனது என்ன என்றால், தெரியாமை. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் வாசிப்பதுதான் இந்தப் பயணத்தின் ஏற்பாடு. ஆகவே பதினொரு பாட்டுக்கு எதிர்பாராதது எதுவும் கிடையாது. ஆனால் அதே ஏற்பாட்டால்தான் 'ரெட் ஹில் மைனிங் டவுன்' என்ற பாட்டு மேடைக்கு வந்தது. 1987இல் அதை ஒருமுறைகூடக் கச்சேரியில் பாடவில்லை. பழைய ரசிகர்கள் முப்பது வருடம் காத்திருந்து 2017இல்தான் அதை நேரில் கேட்டார்கள். அந்தப் பாட்டுக்காகவே இரண்டாம் பயணத்தை நான் மன்னித்துவிடுவேன்.

அப்படியே நின்றுவிட்ட வழக்கமும் ஒன்று இருக்கிறது, அதுதான் வரிசை. மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் இடத்துக்கு இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் இடம். அதனால் விடியுமுன்பே வாசலில் ஆள் சேர்ந்துவிடும். ரசிகர்களே ஒரு நோட்டில் பெயரை எழுதி, புறங்கையில் மார்க்கர் பேனாவால் எண் போட்டுவிடுவார்கள். குறித்த நேரங்களில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் போச்சு. எந்தக் காவலரும் எந்த நிறுவனமும் அவர்களுக்கு இந்தச் சட்டத்தை எழுதித் தரவில்லை. வியர்வையில் எண் மங்கினால் பக்கத்தில் நிற்பவர், பெயர்கூடத் தெரியாதவர், பேனாவை எடுத்து மேலெழுதிவிடுவார். ஊருக்கு ஊர் பின்தொடர்கிறவர்களுக்கு நேற்று எழுதிய எண் முழுக்க அழிவதற்குள் இன்றைய எண் அதன் மேல் விழும்.

மேடையில்தான் மாற்றம் கண்ணைப் பறித்தது. சுமார் 61 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட திரை. அன்டன் கார்பின் எடுத்த பாலைவனமும் நெடுஞ்சாலையும் அதில் ஓடும். ஆனாலும் 'ஸ்ட்ரீட்ஸ்' தொடங்கும் நேரத்தில் அவ்வளவு பெரிய திரையும் வெறும் சிவப்பாக மாறும், அதன் முன்னால் நான்கு கரிய உருவங்கள். டெம்பியில் கண்டுபிடித்ததைவிட நல்ல காட்சி முப்பது வருடத்தில் அவர்களுக்கும் கிடைக்கவில்லை போலும்.

ஒவ்வொரு ஊரிலும் 'அல்ட்ராவயலட்' பாட்டின்போது திரையில் பெண்களின் முகங்கள் வரும், அந்தந்த ஊர்ப் பெண்களும் அதில் இருப்பார்கள். சோலில் அந்த அக்டோபரில் இறந்துபோன இளம் பாடகி சல்லியின் முகம் வந்தது. மும்பைக் கச்சேரியில், சுட்டுக்கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் முகம் வந்தது. உலகச் சுற்றுக்கு வரும் குழு எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை அறிந்து வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

மும்பை இரவில் ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறினார், மகள்கள் கதீஜாவும் ரஹீமாவும் கூட வந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில், ரஹ்மானும் யூ2வும் சேர்ந்து வெளியிட்ட 'அஹிம்சா' பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்குள் இருப்பது திருக்குறள். குண்டுவெடிப்பு நடந்த நாளில் வன்முறையைச் சபித்த 27 வயதுப் பாடகர், 59 வயதில், தனக்குச் செய்யப்பட்ட தீமைக்கும் தீமை செய்யாதே என்று சொன்னவரிடம் வந்து நின்றார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். டென்வருக்கும் நெருளுக்கும் நடுவே ஒரு நேர்கோடு ஓடுகிறது, அதன் மறுமுனை தமிழில் இருக்கிறது.

அதற்குப் பிறகு யூ2 ஊர் சுற்றுவதையே நிறுத்திவைத்தது. 2023 செப்டம்பர் 29 முதல் 2024 மார்ச் 2 வரை லாஸ் வேகாஸின் ஸ்பியர் அரங்கில் 40 கச்சேரிகள் நடத்தினார்கள். குழு ஒரே இடத்தில் இருந்தது, உலகமெங்கும் இருந்து ரசிகர்கள்தான் விமானம் ஏறினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் லாரி முல்லன் அறுவை சிகிச்சை காரணமாக அங்கே வாசிக்கவில்லை, அவர் இடத்தில் பிராம் வான் டென் பெர்க் உட்கார்ந்தார். ஆகவே நால்வரும் சேர்ந்து வாசித்த முழுநீளக் கச்சேரி என்ற கணக்கில் நெருள் இரவே பல ஆண்டுகள் கடைசியாக நின்றது. அன்று வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அந்த இரவின் பதிவைக் கேட்கும்போதெல்லாம் நான் பாடகரை விட்டுவிட்டு டிரம்ஸைத்தான் முதலில் தேடுகிறேன்.