மலைச் செலவு

'செலவு' என்னும் சொல் பண்டைத் தமிழில் பயணத்தைக் குறித்தது. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் செல்வோர் அச்சொல்லின் பழம்பொருள், புதுப்பொருள் இரண்டையும் ஒருசேர அறிந்து திரும்புவர். நம் மாவட்டத்து ஊர்தானே என்றெண்ணி முன்னேற்பாடின்றிப் புறப்பட்டு இடர்ப்படுவோரும் பலர். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றும், சிலபோது தவறிழைத்தும் நாம் கற்றுக்கொண்டவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் அவ்வூர் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சமவெளியின் வெப்பத்தாலும் நோய்களாலும் துன்புற்ற அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் முதலில் நாடியது நம் கண்ணெதிரே நிற்கும் சிறுமலையையே. அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. எனவே பழனி மலைத்தொடரின் உச்சிப் பகுதிக்குச் சென்று 1845-இல் குடியிருப்புகளை அமைத்தனர். 1863-இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடிய நீரைத் தடுத்து ஏரியை உருவாக்கினார். 1875-இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரை எட்டியது. இன்றைய கொடைரோடு நிலையம் அதுவே. அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதன்மேல் குதிரை அல்லது டோலி. டோலியில் அமர்ந்து சென்ற துரைமாரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அதைச் சுமந்து ஏறியவர்களின் பெயர்களை நாம் எங்கும் கண்டதில்லை.

இன்று வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 95 கிலோமீட்டர். பி.ஆர்.ராஜமையரும் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர் வத்தலக்குண்டு என்பதைத் தமிழ் மாணவர் மறவாது, அங்குச் சிறிது நின்று செல்லலாம். எரிபொருளையும் அங்கேயே நிரப்பிக் கொள்வது நன்று. காலை உணவு எளிதாக இருக்கட்டும். வயிறு நிறையப் பரோட்டா உண்டு பேருந்தின் பின்னிருக்கையில் அமர்ந்த மாணவர் சிலர், டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைக் காணும் நிலையில் இல்லை. தலைச்சுற்றல் உடையோர் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள காட்சிகளை நோக்குதல் வேண்டும், படித்தல் கூடாது.

சொந்த வாகனத்திற்கும் வாடகை வாகனத்திற்கும் இ-பாஸ் தேவை. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு இத்தொல்லை இல்லை. 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகளுக்கு 2024 நவம்பரில் தடை விதிக்கப்பட்டதையும் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் கருத்திற்கொள்க. விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் உறுதி செய்துகொள்ளல் தகும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்கும் மலைமேல் இடமில்லை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூசாவில் நீர் கொண்டு செல்லலாம்.

ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. திண்டுக்கல்லைவிட வெப்பம் பன்னிரண்டு பாகை அளவுக்குக் குறைந்திருக்கும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட மலை அது. ஆனால் நமக்குப் போர்வை தர அங்கு அவனில்லை; கம்பளியாடையை நாமே எடுத்துச் செல்லவேண்டும். சமையற்பொருளுடன் செல்லும் குடும்பத்தார்க்கு ஒரு செய்தி. அவ்வுயரத்தில் நீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே பிரியாணிக்குத் தம் போடும் நேரக்கணக்கு திண்டுக்கல்லில் போல் அங்கு ஒத்துவராது. அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வெள்ளி அருவி நீரைப் பருகுதல் வேண்டா. ஏரியின் மிகைநீரே அங்கு அருவியாய் விழுகிறது.

ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்க்க முற்படுவோர் பெரும்பாலும் காண்பது முன்னே நிற்கும் வண்டியின் பின்புறத்தையே. கொடைக்கானல் கால்நடைக்கென அமைந்த ஊர். ஏரியைச் சுற்றிவர ஐந்து கிலோமீட்டர். 1872-இல் அமைக்கப்பெற்ற கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர். இவ்விரண்டையும் காலை வேளையில் நடந்து முடித்து, எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாயும் இயக்கத்தைக் கண்டறிந்த வானாய்வகத்திற்குச் சென்றால் ஒரு நாளுக்கு அதுவே போதும்.

குணா குகைப் பகுதியிலும் செங்குத்துப் பாறைகளிலும் வேலியைத் தாண்டாதிருக்குமாறு இளைஞரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். பாசி படிந்த பாறை ஈரத்தில் காலை நிறுத்தாது. மூடுபனி வந்துவிட்டால் பாறை எங்கே முடிகிறது என்பதே புலப்படாது. மாணவரின் தலைகளை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்த அந்த அரைமணி நேரம் ஆசிரியர்க்கு எத்தகையது என்பதை நாம் அறிவோம். அன்று அம்மாணவன் சோளக்கதிர் வாங்கிக்கொண்டு நலமாகத் திரும்பி வந்தான்.

இறங்கும்போது, ஏறிய கியரிலேயே வண்டியைச் செலுத்தவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். வளைவுகளில் மேலேறும் வண்டிக்கு வழிவிடுதல் மலைச்சாலை மரபு. மாலை நான்கு மணிக்குள் புறப்பட்டால் இருட்டுமுன் வத்தலக்குண்டை அடையலாம்.