பெருவுடல் வீரரும் காற்றின் கணக்கும்

மலை ஏறி வெல்லும் மிதிவண்டி வீரர் என்றதும் ஒடிசலான உடலே நம் கண்முன் நிற்கும். எசுப்பானியாவின் நவாரா நிலத்தில் 1964-இல் பிறந்த மிகேல் இந்துராயின் அவ்வார்ப்பில் அடங்காதவர். உயரம் 1.88 மீட்டர், பந்தயக் காலத்து எடை 80 கிலோவை ஒட்டியது. அவ்வுடலோடு 1991 முதல் 1995 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது பிரான்சு சுற்றுப் பந்தயத்தை வென்றார். 1992, 1993 ஆண்டுகளில் இத்தாலியச் சுற்றையும் உடன்வென்றார்.

அவ்வெற்றியின் வேர் காற்றில் இருக்கிறது. சமதரையில் விரைபவரின் ஆற்றலில் பெரும்பங்கைக் காற்றே விழுங்குகிறது. விரைவைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். உடல் பெருக்கையில் தசையும் நெஞ்சாங்குலையும் கன அளவோடு வளர்கின்றன. காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்போ அத்துணை வளர்வதில்லை. எனவே சமதரையில் பெருவுடலுக்கே ஊதியம் மிகுதி. ஏற்றத்தில் நிலை மாறும். அங்கே ஒவ்வொரு கிலோவையும் தூக்கியாக வேண்டும். இந்துராயின் தனியாள் நேரப் பந்தயங்களில் நிமிடங்களை ஈட்டி, மலைகளில் அவற்றை இழக்காமல் காத்தார். 1992-இல் லக்சம்பர்க்கின் 65 கிலோமீட்டர்ப் பந்தயத்தில் இரண்டாமவர் அவருக்கு 3 நிமிடம் பின்னால் வந்தார்!

1994 செப்டம்பர் 2 அன்று போர்தோ நகரின் வட்டத் தடத்தில், ஒரே மணி நேரத்தில் 53.040 கிலோமீட்டர் ஓட்டி உலக அருஞ்செயல் படைத்தார். ஏழே வாரத்தில் டோனி ரோமிங்கர் அதை முறியடித்தார் என்பது உண்மையே. எனினும் என்னை வியப்பில் ஆழ்த்துவது தொலைவன்று, அதன் உள்ளீடு. ஆய்வகத்தில் அவர் தொட்ட உச்ச ஆற்றல் 572 வாட். அந்த மணி நேரத்தின் சராசரி ஏறத்தாழ 510 வாட் என ஆய்வாளர் கணித்தனர். உச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு! நிமிடத்துக்கு 101 முறை மிதியடி சுழன்றது. அவர் உடல் நிமிடத்துக்கு 6.4 லிட்டர் வரை உயிர்வளியை ஏற்க வல்லதாயிருந்தது.

1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நேரப் பந்தயத்தின் பொன் பெற்று, 1997 தொடக்கத்தில், 32 அகவையில், ஓய்வு பெற்றார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அவரை மீண்டும் ஆய்வகத்தில் சோதித்தனர். எடை 92.2 கிலோ. உச்ச ஆற்றல் 450 வாட். உயிர்வளி ஏற்பு 5.29 லிட்டர், நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 191 வரை ஏறியது. போட்டிக் களத்தில் இருக்கும் தொழில்முறை வீரர்கள் பலரோடு ஒப்பிடத்தக்க அளவுகள் இவை. ஆயினும் எடையால் வகுத்தால் காட்சி வேறு. ஒரு கிலோவுக்கு 79 மில்லிலிட்டராக இருந்த ஏற்பு 57 ஆகச் சரிந்திருந்தது. பழைய 81 கிலோவிலேயே அவர் நின்றிருந்தால் அதே 5.29 லிட்டர், கிலோவுக்கு 65 மில்லிலிட்டராகியிருக்கும். இழந்த 22-இல் ஏறக்குறைய 8 எடையின் பங்கு. எஞ்சியதே அகவையும் பயிற்சி ஓய்வும் சேர்ந்து எடுத்துக்கொண்டது.