மழுங்கிவரும் வித்தை

பிளேடு வந்தது, பிழைப்பு எளிதானது. கனத்த சவரக்கத்தியைத் தீட்டத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன

கொல்கத்தாவின் 'இட்டாலியன் சலூன்'களுக்கும் இத்தாலிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வங்காளியில் 'இட்' என்றால் செங்கல். நடைபாதையில் ஒரு செங்கல்லில் வாடிக்கையாளர், எதிரே இன்னொன்றில் முடிதிருத்துபவர். கடை அவ்வளவுதான். பெயர், நகரம் தன்னைத்தானே செய்துகொண்ட கேலி. தொழிலாளர்களில் கணிசமானோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழ்நாட்டில் அடைப்பம் என்பார்களே, அதேபோன்ற ஒரு பைக்குள் கண்ணாடி, கிண்ணம், கத்தரி, படிகாரக் கட்டி எல்லாம் அடக்கம்.

அந்தப் பையில் ஒரு காலத்தில் ராஜா சவரக்கத்திதான். வங்காளிகளுக்கு அது 'குர்', இந்திக்காரர்களுக்கு 'உஸ்தரா'. இன்று அந்த இடத்தில் பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் பிடி. 1986-ல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற எச்சரிக்கை நடைபாதைவரை வந்து சேர்ந்தது. நியாயமான பயம்தான். ஆனால் பிளேடைத் தீட்ட வேண்டியதில்லை. தீட்டத் தேவையில்லாத தலைமுறைக்குத் தீட்டவும் தெரியவில்லை.

அது லேசில் வருகிற வித்தையுமல்ல, குறிப்பாகப் பழைய பெரிய கத்திகளில். இவற்றின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். சாதாரணக் கத்தி எட்டில் ஐந்து. பெரியது எட்டில் ஏழு, சில முழு அங்குலம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடித்தவை ஆப்பு வடிவம். தடித்த முதுகு, வாயை நோக்கி நேராக மெலியும் பக்கங்கள். ஜெர்மனியின் ஸோலிங்கன் பெயர் வாங்கியது குழிவாகக் கடைந்த லேசான கத்திகளில். குழிவான கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் மட்டுமே தொடும். ஆப்புக் கத்தியோ கிட்டத்தட்டப் பக்கம் முழுவதும் படிந்துவிடும். தேய்க்க வேண்டிய எஃகு அதிகம். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

ஒரு சௌகரியம் உண்டு. கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்கிறது. முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுத்திருக்க, வாய் முன்னே போக வேண்டும். கல்லின் கோடியில் முதுகை அச்சாக வைத்துப் புரட்டி, மறுபக்கத்தைத் திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் முதுகைத் தூக்கினால் செய்த வேலை பாழ். 1,000 எண் கல்லில் ஆரம்பித்து, 4,000, 8,000 என்று நைசான கற்களுக்குப் போய், சிலர் 12,000-ல் முடிக்கிறார்கள். கடைசிக் கல்லில் கை அழுத்தவே கூடாது. கத்தியின் கனமே போதும். பிறகு தோல்வார். அதில் எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. மாறிப்போனால் தோலும் அறும், கூரும் போகும். நடைபாதையில் பலருக்கு உள்ளங்கையே தோல்வார். முன்கை மயிரில் ஒரு சோதனை. தொட்டதும் விழ வேண்டும், இழுபடக் கூடாது.

தெருவில் சைக்கிளை மிதித்துச் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மணையைத் தரலாம், சவரக்கத்தியைத் தரக் கூடாது. வேகச் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் எஃகின் உறுதி போய்விடும். அப்புறம் எந்தக் கல்லாலும் பயனில்லை.

இந்த எஃகில் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் கத்திக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், ஐரோப்பிய எஃகைவிட இந்திய 'ஊட்ஸ்' எஃகே உயர்ந்தது என்று விளம்பர அட்டையிலேயே அச்சடித்திருந்தார். நம் 'உருக்கு'தான் அவர்கள் வாயில் ஊட்ஸ் ஆனது என்பார்கள். அதன் ரகசியத்தைத் தேடி ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆம், மின்சார ஃபாரடேதான். 1820-லும் 1822-லும் கலப்பு எஃகு பற்றி இருவரும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்த்ததும் அவற்றில் ஒன்று. சோதனையில் பிறந்த சவரக்கத்திகள் ஃபாரடேயின் நண்பர்களுக்குப் பரிசாகப் போயின.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கூரைக் கெடுப்பது எது? வெறும் மயிர். எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் சவரம் செய்து பார்த்தார்கள். விளிம்பில் எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்த மயிர் ஒன்று சரியான கோணத்தில் பட்டால் எஃகே சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. தண்ணீர் தடவி, நன்றாக ஊறவிட்டுக் கத்தி வைக்கும் பழைய பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது.

ஹூக்ளிக் கரையில் பாபு காட் இருக்கிறது. ராணி ராஸ்மணியின் கணவர் செலவில் 1830-ல் கட்டப்பட்ட படித்துறை. பெற்றோரைப் பறிகொடுத்த மகன்கள் தலை மழிக்க இதுபோன்ற படித்துறைகளுக்குத்தான் வருகிறார்கள். இரண்டு கன்னங்களுக்குப் போதுமான கூர், ஒரு தலைக்குப் போதாது. பழைய கத்தியென்றால் பாதித் தலையில் நிறுத்தி, உள்ளங்கையில் நாலு முறை தீட்டிவிட்டுத் தொடர்வார்கள். இப்போது பிளேடை மாற்றினால் முடிந்தது.

நதிக்கரையின் ஈரக்காற்று பழைய கத்திக்கு இன்னொரு எதிரி. அது துருப்பிடிக்காத எஃகல்ல. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவாமல் மழைக்கால இரவு ஒன்றில் விட்டாலே போதும், காலையில் பழுப்புப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். புள்ளி விளிம்பில் விழுந்துவிட்டால், மறுபடி 1,000 எண் கல்.