பரங்கி விதை முளைக்குமா? ஊன்றும் முன்னே பாருங்கள்!



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நாம் பரங்கி என்பதைச் சில ஊர்களில் சர்க்கரைப் பூசணி என்பார்கள். ஆனி, ஆடியிலும் மார்கழி, தையிலும் ஊன்றுகிறோம். ஊன்றிய விதை முளைக்கவில்லை என்று தெரியவே பத்து நாள் ஆகிவிடும். மறுபடி விதை தேடுவதற்குள் பட்டம் தவறிப்போகும். குழி வெட்டின கூலியும் வீண். ஆகவே முன்னதாகவே சோதித்துவிடுங்கள்.

தண்ணீரில் போட்டு, மிதந்தால் பொக்கு, மூழ்கினால் நல்லது என்று முடிவு கட்டுவோர் உண்டு. பரங்கிக்கு இதை நம்பாதீங்க. ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே காற்று இருப்பதால், நன்றாகக் காய்ந்த நல்ல விதையும் மிதக்கும். உயிர் போன பழைய விதை மூழ்கவும் செய்யும்.

முதலில் சப்பை, பூச்சி துளைத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி நீக்குங்கள். நாலைந்து விதையை உரித்துப் பாருங்கள். பருப்பு வெளுப்பாக, ஓடு நிறைய இருக்கணும். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் பழைய விதை.

அடுத்து முளைப்புச் சோதனை. மூட்டையில் மேலே, நடுவே, அடியிலே கைவிட்டுக் கலந்து 100 விதை எண்ணி எடுங்கள். ஈரத்துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் விதை அழுகிவிடும். நாலாம் நாள் ஒரு தரம், எட்டாம் நாள் ஒரு தரம் எண்ணுங்கள். வேரும் தண்டும் நேராக வந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்த அளவு நூற்றுக்கு 60. ஏக்கருக்கு சுமார் 400 கிராம் விதை போதும். இரண்டு மீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு 5 விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் நல்ல செடி இரண்டை விட்டு மற்றதைக் களைகிறோம். 60 முளைத்தால் குழிக்கு மூன்று செடி கிடைக்கும். 40தான் முளைத்தால் பல குழி காலியாகும். அந்த விதை வேண்டாம்.

ஒன்று நினைவிருக்கட்டும். முளைப்பு நன்றாக இருந்தாலும் ரகம் சுத்தம் என்று அர்த்தமில்லை. தேனீ பக்கத்துக் கொல்லைப் பரங்கி மகரந்தத்தையும் கொண்டுவரும். வீரிய ஒட்டு ரகக் காயில் எடுத்த விதையும் தாயைப் போல வராது.

எட்டு நாள் பொறுத்தால் ஒரு பட்டம் மிஞ்சும்.

(வானொலி உரை)