முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

என்னுடைய முதல் ரிமோட் விமானம் மூன்று விநாடிதான் பறந்தது. வலப்பக்கம் சாய்கிறதே என்று ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினேன். இன்னும் வலப்பக்கம் சாய்ந்து தரையில் குத்தியது. எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) தலைகீழாக இயங்கியதை வீட்டு மேசையிலேயே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். நல்லவேளை, பக்கத்தில் ஆளில்லை. ஒன்றே கால் கிலோ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, அதே எடையுள்ள கல் நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

அதனால்தான் சட்டம் இதைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இறக்கை வைத்த மாடல்களுக்கும் பொருந்தும். பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையிலான மாடலுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோவுக்குள் இருந்து, வணிக நோக்கமும் இல்லையென்றால் பைலட் சான்றிதழும் வேண்டாம். மைதானத்தில் யாராவது ‘லைசென்ஸ் எங்கே’ என்று அதட்டினால் இதை எடுத்துச் சொல்லலாம். ஆனால் 250 கிராமைத் தாண்டிவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை. விதிமீறலுக்கு அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

பறக்கவிடும் இடத்தை, அரசின் ட்ரோன் தளமான ‘டிஜிட்டல் ஸ்கை’யின் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதியும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். மீனம்பாக்கத்தில் விமான நிலையமும் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருக்க, சென்னைப் புறநகரில் வற்றிய ஏரியைப் பார்த்தவுடன் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது.

இனி மேசைக்கு வருவோம். மோட்டார் எந்த நொடியும் சுழலலாம் என்பதால் புரொப்பெல்லரைக் கழற்றிய பிறகே பேட்டரியை மாட்டுங்கள். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, கடைசியில்தான் ஆஃப் செய்ய வேண்டும். விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால், வல எய்லரான் மேலெழவேண்டும், இடது கீழிறங்கவேண்டும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் வாலிலுள்ள எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வரவேண்டும். அடுத்து, இந்தச் சோதனைக்காக மட்டும், த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்கவில்லை என்றால், சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் சரியாக அமைக்கப்படவில்லை. அதைச் சரிசெய்யும்வரை பறப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எடைச் சமநிலையைப் பேட்டரியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கையேட்டில் குறித்த புள்ளியில் (பெரும்பாலும் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே) இரண்டு விரல் நுனியால் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். வால் கனத்த விமானம் புதியவர் கைக்கு அடங்காது.

லிப்போ பேட்டரியை ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

காற்று அடங்கிய விடிகாலையில், ரிமோட் சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற ரேஞ்ச் சோதனையை முடித்து, காற்றை எதிர்த்து ஏற்றுங்கள். விமானம் உங்களை நோக்கித் திரும்பும்போது இடம் வலம் மாறித் தெரியும். அந்த நேரத்தில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பது காப்பீட்டைவிட மேல்.

விழுந்துவிட்டால் த்ராட்டிலை இறக்கிவிட்டுப் போய்ப் பேட்டரியைக் கழற்றுங்கள். யாருக்காவது அடிபட்டால் சிகிச்சை முதலில். விபத்தை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியே தெரிவிக்க வேண்டும். நசுங்கிய, உப்பிய பேட்டரியைக் காரிலோ வண்டிப் பெட்டியிலோ போடாமல், திறந்தவெளியில் மணல்மேல் வையுங்கள். விழாமலேயே உப்பியிருந்தால் அது விற்ற பொருளின் குறையாக இருக்கலாம். போட்டோ எடுத்து, பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.