மூளைப் புற்றுநோய்: மும்முனைச் சிகிச்சையும் ஆறு வார அலைச்சலும்

புது தில்லி: எய்ம்ஸ் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதைகளிலும் தர்மசாலைகளிலும் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் பிகார், உத்தரப் பிரதேச நோயாளிகள், தலைநகர்வாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. அவர்களுள் மூளைப் புற்றுநோயாளிகளின் சிக்கல் தனியானது. அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் பிரித்த பிறகும் அவர்களுக்குச் சிகிச்சை முடிவதில்லை.

"கிளியோபிளாஸ்டோமா" எனப்படும் கொடிய மூளைக் கட்டியைக் கத்தியால் மட்டும் ஒழிக்க இயலாது. பேச்சும் கை, கால் அசைவும் பாதிக்காத அளவுக்கே அதை அகற்றலாம். கண்ணுக்குப் புலப்படாத புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுக்களில் வேரோடியிருக்கும். அவற்றை அழிக்கக் கதிர்வீச்சும் டெமோசோலோமைட் என்ற மருந்தும் தேவை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் பெரும்பாலான மருந்துகளை நுழையவிடாத இயற்கை அரணை இம்மருந்து கடந்துவிடுகிறது.

ஐரோப்பிய, கனடிய ஆய்வு அமைப்புகள் 573 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2005-ல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 10.4 சதவீதத்தினரே இரண்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தனர். மருந்தையும் சேர்த்துப் பெற்றோரில் இது 26.5 சதவீதம். பாதிப் பேர் உயிருடனிருந்த காலம் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாக உயர்ந்தது. இரண்டரை மாதம்தானா என்று கேட்கலாம். ஆனால், அதுவரை இந்நோய்க்கு எந்த மருந்தும் இவ்வளவு தெளிவான பலனைக் காட்டியதில்லை.

இச்சிகிச்சையில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரங்களில் 30 முறை கதிர்வீச்சு தரப்படும். அந்நாள்களில் தினமும் மருந்து உண்டு. ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குப் பின், 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் வீதம் மேலும் ஆறு சுற்று மருந்து. மருந்தை வீட்டிலேயே விழுங்கலாம். கதிர்வீச்சுக்கோ இயந்திரம் இருக்கும் ஊருக்குத்தான் வந்தாக வேண்டும்.

பத்து லட்சம் பேருக்கு ஓர் இயந்திரமாவது வேண்டும் என்பது உலக அளவிலான அளவுகோல். இந்தியா அதை இன்னும் எட்டவில்லை. இருப்பவையும் பெருநகரங்களிலேயே குவிந்துள்ளன. எய்ம்ஸின் தேசியப் புற்றுநோய்க் கழகம் 2019-ல் திறக்கப்பட்டது, தலைநகரையொட்டிய ஹரியாணாவின் ஜஜ்ஜரில். அதே ஆண்டு வாராணசியில் டாடா நினைவு மையத்தின் மருத்துவமனை தொடங்கப்பட்டது சற்று ஆறுதல்.

மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. மருந்து செலுத்த அவை பெரிதும் உதவும். ஆயினும், கதிர்வீச்சுக்குக் கனத்த சுவர் கொண்ட அறையும், கதிர்வீச்சு இயற்பியலாளரும், பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உடன்வந்தவர் ஆறு வாரம் இழக்கும் கூலியும், வெளியே தங்கும் வாடகையும் அக்கணக்கில் வருவதில்லை.